டீச்சரம்மா வீட்டுக் கார்ப்பெட்டும் என் மூக்கும்

நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காக இல்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்காகத்தான்.

நான் வேலை பார்த்த தங்கவயல் தங்கச் சுரங்கம், எங்கள் பேச்சில் மைன், மூடிய பிறகு தினமும் முதல் ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், அடுக்குமாடி வீடுகளில் கார்ப்பெட் சுத்தம் செய்யும் வேலையை ஆறு வருடம் கற்றேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றேன். பிறகு சொந்தமாக ஆரம்பிக்கப் போகிறேன் என்றேன். "தங்கவயல்ல எவன் வூட்ல கார்ப்பெட் கீது, யாருக்குப்பா கழுவப் போற?" என்று ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. தங்கவயலில் மைசூர் மைன்ஸ் என்கிற பகுதியில், தொழிலாளர் வரிசையில் இருந்த என் லைன் வீட்டு முன்னறையில் ஆரம்பித்தேன். பழைய இரும்புக் கடையில் கிடந்த இரண்டு மோட்டார்களுக்கு நானே தகரத்தில் கூடு அடித்து, தரையை ஒட்டிக் காற்று வீசுகிற ஊதி செய்தேன். பக்கத்திலிருக்கும் பாலகாட்டில் கார்ப்பெட் காயவைக்கும் கொட்டகை போட்டேன். ஒரு வேன், பிறகு இரண்டு வேன். பதினாறு பேருக்கு நீலச் சீருடை. நீங்கள் இன்றைக்கு உட்கார்ந்து பயிற்சி எடுக்கிற அறைக்குக் கம்பி வளைத்தவனும் நான்தான். படித்த இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு இந்தக் கூரை நிற்காது என்றார். பத்து மழைக்காலம் பார்த்துவிட்டது, நின்றுகொண்டிருக்கிறது.

இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித்தரச் சொல்லிக் கேட்டார்கள். எந்த மருந்து, எத்தனை சொட்டு, எந்த பிரஷ் என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். நான் ஒரே ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அந்த வீட்டில் நான் தோற்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் தோற்றவன் இல்லை, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அது கிரேஸ் டீச்சர் வீடு, தங்கவயலிலேயே சாம்பியன் ரீப்ஸ் பகுதியில். ஸ்டேஷனிலிருந்து ஏறிப்போகிற ரோட்டில் ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடு. டீச்சரம்மாவின் கணவர் மைனில் போர்மேனாக இருந்தவர், இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவரை எனக்கு முகத்தால் தெரியும், பேசியதில்லை. மைனுக்குள் இறங்குகிற குழியை ஷாப்ட் என்போம், அவர் வேறு ஷாப்ட், நான் வேறு ஷாப்ட்.

அந்த வருடம் மழைக்காலத்தில் டீச்சரம்மா கண் ஆபரேஷனுக்காகப் பெங்களூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்திருக்கிறார். இங்கே ஓடு ஒன்று நழுவி, ஹாலில் விரித்திருந்த பெரிய கம்பளிக் கார்ப்பெட்டின் மேல் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. திரும்பி வந்தவர் நழுவிய ஓட்டை மாற்றிவிட்டார், ஜன்னலைத் திறந்துவைத்தார், மின்விசிறியைப் போட்டார். மேலே காய்ந்துவிட்டது. ஆனால் மகள் ஷீபா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தபோது, அந்தக் குழந்தைக்கு அரை மணி நேரத்தில் மூச்சு இழுப்பு வந்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தை, பெயர் ஹன்னா. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். அன்றைக்கே ஷீபா சொல்லிவிட்டாளாம்: இந்தக் கார்ப்பெட் இந்த வீட்டில் இருக்கும்வரை ஹன்னா இங்கே வர மாட்டாள். கிறிஸ்துமஸுக்கும் வர மாட்டாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் நாகம்மாவும் போனோம். நாகம்மாவைச் சொல்லிவிடுகிறேன். ஆந்திரா எல்லைப் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், என்னோடு ஒன்பது வருடம் வேலை செய்தவள், அப்போதே நாற்பதைத் தாண்டியவள். வாய் நீளம், வேலையும் சுத்தம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"வாங்க மணி," என்றார் டீச்சரம்மா. "உங்கள நம்பித்தான் கூப்ட்டேன். மத்தவங்கள்லாம் தூக்கிப் போட்ருங்கன்றாங்க."

"தூக்கிப் போட்றதுக்கு நான் இன்னாத்துக்கு டீச்சரம்மா? குப்ப வண்டிக்காரன் போதுமே," என்றேன். "இந்த ஊர்ல மணி தொட்ட கார்ப்பெட்டு எதுவும் குப்பைக்குப் போனதில்ல."

அப்படிச் சொல்லிக்கொண்டேதான் ஹாலுக்குள் காலை வைத்தேன். வைத்ததும் நின்றுவிட்டேன்.

அதை எப்படி எழுதுவது என்று இப்போதும் தெரியவில்லை. மைனில் ஆளை இறக்குகிற கூண்டு கீழே போய் நின்று, கதவைத் திறந்து, லெவலில், அதாவது அடியில் குடைந்த பாதையில், முதல் அடி வைக்கும்போது மூச்சில் ஏறுமே, அது. ஈர மரமும் தாரும் கல்லும் மனுஷ வேர்வையும் சேர்ந்த அந்தக் காற்று. மைனை விட்டு வந்து அத்தனை வருடத்தில் அது எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. மூடிய ஷாப்ட்டின் வேலிக்கு வெளியே போய் நின்று பார்த்திருக்கிறேன், அங்கேகூட இல்லை. இருபது வயதில் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து டிபன் தின்றவர்கள், எவன் பங்கை எவன் பிடுங்கித் தின்பது என்று சண்டை போட்டவர்கள், பாதிப்பேர் நெஞ்சு சளியில் போனார்கள், பாதிப்பேர் எங்கெங்கோ செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். எல்லாரும் ஒரு நொடி அந்த ஹாலில் இருந்தார்கள்.

"இன்னா மணி, நாத்தம் ரொம்ப கீதா?" என்றார் டீச்சரம்மா கவலையோடு.

"ஒன்னியும் இல்ல டீச்சரம்மா. பழைய வூடு, அதான்," என்றேன்.

அதுதான் என் முதல் தப்பு. அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கார்ப்பெட்டைப் பார்த்தேன். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாச் சாமான் ஏலம் போனபோது வாங்கியதாம். ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி. சிவப்பு, ஓரத்தில் கறுப்புக் கொடி. அதன் நாலு ஓரத்தையும் போர்மேன் மரச்சட்டம் வைத்துத் தரையோடு ஆணி அடித்திருந்தார். மைன்காரன் அடித்த ஆணி, சும்மா சொல்லக்கூடாது, ஒரு நூல் நகரவில்லை. தினமும் சாயங்காலம் அந்தக் குடும்பம் அதன் மேல்தான் முழங்கால் போட்டு ஜெபம் செய்திருக்கிறது.

நம் தொழிலில் ஈர நாற்றம் என்று கூப்பிட்டால் முதல் வேலை, மூலையைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பது. இதை நான் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தண்ணீர் மேலே விழுந்தாலும் குடியிருப்பது கீழே. நாகம்மா உளியை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டாள்.

"அம்மா, அந்த ஆணி வேணாமே," என்றார் டீச்சரம்மா. "அவரு கையால அடிச்சது. புடுங்காம செய்ய முடியாதா?"

நாகம்மா என்னைப் பார்த்தாள். நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன்.

"முடியும். மணிக்கு முடியாததா?" என்றேன்.

"அன்னா, தூக்காம எப்டி?" என்றாள் நாகம்மா. அண்ணா என்பது அவள் தெலுங்கு வாயில் அன்னாதான்.

"நீ எத்தினி வருசமா இந்த வேல செய்யற?"

"ஒம்போது."

"நான் உனுக்கு எத்தினி வருசமா சொல்லிக் குடுக்கறேன்?"

"ஒம்போது."

"அப்பால இன்னா?" என்றேன். அவள் உளியைப் பையில் வைத்துவிட்டு, டீச்சரம்மாவுக்குக் கேட்காமல் தெலுங்கில் ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருக்காது.

மூன்று நாள் வேலை செய்தோம். அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதை எல்லாம் மேலேயே செய்தோம். என் ஊதிகள் இரண்டையும் வாசலுக்கு ஒன்று, பின்கட்டுக் கதவுக்கு ஒன்று என்று வைத்தேன். காற்று ஒரு வழியில் வந்து இன்னொரு வழியில் போக வேண்டும், ஒரே ஜன்னலைத் திறந்துவைத்தால் அது அறைக்குள்ளேயே சுற்றும். இதையெல்லாம் செய்துகொண்டே நான் ஒன்று கவனித்தேன், ஆனால் கவனித்ததை ஒதுக்கிவிட்டேன். காலையில் அந்த வீட்டுக்குப் போக எனக்கு அவசரமாக இருந்தது. வேறு வீட்டு வேலை என்றால் நாகம்மாவும் மற்றவர்களும் முன்னால் போய் எனக்காகக் காத்திருப்பார்கள். இந்த வீட்டுக்கு நான் முதல் ஆளாகப் போய், டீச்சரம்மா கொடுக்கும் காபியை ஹாலில் தரையில் உட்கார்ந்தே குடித்தேன். அங்கே உட்கார்ந்தால் எழ மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நாகம்மா முழங்கால் போட்டுக் குனிந்து கார்ப்பெட்டை முகர்ந்தாள். நிமிர்ந்து, "அன்னா, நாத்தம் அப்டியே கீது," என்றாள்.

நான் குனிந்து முகர்ந்தேன். "எங்க கீது? ஒன்னியும் இல்ல."

"நல்லா மோந்து பாருங்க."

"நாகம்மா, இந்த மூக்கு பூமிக்கு அடியில ரெண்டு மைல்ல இருந்து வந்த மூக்கு. புகை எங்கருந்து வருது, தண்ணி எங்க கட்டிகினு கீதுன்னு இருட்டுல சொன்ன மூக்கு. நீ எனுக்கு மோந்து பாக்கக் கத்துக் குடுக்கறியா?"

"பூமிக்கடில போன மூக்கு அங்கயே தங்கிட்ச்சி போல," என்றாள் அவள். டீச்சரம்மா சிரித்துவிட்டார். எனக்குக் கோபம். "உனுக்கு சளி புடிச்சிகீது, வூட்டுக்குப் போயி ஆவி புடி," என்றேன். அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டேன். முதலாளி நான் இல்லையா.

சனிக்கிழமை காலை ஷீபா பெங்களூரிலிருந்து வந்தாள், தனியாக. குழந்தையைக் கூட்டிவருவதற்கு முன்னால் தானே பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள். படித்த பெண், பெரிய கம்பெனியில் வேலை. நான் சீருடையை இஸ்திரி போட்டு வாசலில் நின்றேன்.

"வாம்மா. உள்ள போயி பாரு. புதுசு கணக்கா கீது. மணி வார்த்த குடுத்தா வார்த்ததான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் இரண்டடி வைத்தாள். துப்பட்டாவை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், சீரியஸா சொல்றீங்களா? ஸ்மெல் அப்டியே இருக்கு."

"பழைய வூட்டு வாசனைம்மா அது."

"இது வாசனையா? அம்மா, உங்களுக்குத் தெரியலியா?"

"எனக்கு ஒன்னும் வரலியேம்மா," என்றார் டீச்சரம்மா.

ஷீபா என்னை விட்டுவிட்டு நாகம்மாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. இருக்கா, இல்லியா?"

நாகம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளை முறைத்தேன் என்று இங்கே எழுதத்தான் வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்குதும்மா," என்றாள். "மொத நாள்லருந்து இருக்குது."

என் பதினேழு வருட வேலையில் என் ஆளே என் முன்னால் என்னைப் பொய்யனாக்கியது அன்றைக்குத்தான்.

ஷீபா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். "அம்மா, போதும். திங்கக்கிழமை வண்டி சொல்லி எடுத்துக்கச் சொல்றேன். அன்னைக்கு ஆட்டோல ஹன்னா என் மடியில மூச்சுக்குத் தவிச்சா. நீங்க பாத்தீங்க இல்ல? ஒரு தரைவிரிப்புக்காக நான் திரும்ப அதைப் பாக்க முடியாது."

டீச்சரம்மா நாற்காலியில் உட்காரப் போனவர், உட்காராமல், மெதுவாகக் கார்ப்பெட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுபத்திரண்டு வயது. ஆபரேஷன் செய்த கண். கையால் அதைத் தடவிக்கொண்டே, "இது போனா இந்த வீட்ல இன்னா இருக்குது," என்றார். "ஹன்னா வரணும். கண்டிப்பா வரணும். ஆனா இது போனா இன்னா இருக்குது."

பேத்தியும் வேண்டும், இதுவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தள்ளச் சொல்கிற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது மழை இல்லை, நான். முதல் நாளே ஆணியைப் பிடுங்கியிருந்தால் இந்தச் சனிக்கிழமை இப்படி விடிந்திருக்காது. எனக்கு அங்கே இரண்டு வழி இருந்தது. படித்த பெண்ணுக்கு எல்லாம் நாற்றமாகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கௌரவமாக வேனில் ஏறிவிடலாம். பெங்களூரில் சில பேர் செய்வதைப்போல மல்லிகை வாசனைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு இப்போது முகர்ந்து பாருங்கள் என்று சொல்லலாம், வேனில் ஒரு பாட்டில் இருந்தது. இரண்டையும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு மைனில் என்னைப் பழக்கிய ஒருவர் ஞாபகம் வந்தார். காற்றுப்பாதை பார்க்கிற மேஸ்திரி அவர், ரொம்பக் குறைவாகப் பேசுவார். பாறைக்கு வெடி வைத்த பிறகு ஒரு இடத்தில் காற்று சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமென்றால், அங்கேயே ஷிப்ட் முழுக்க இருந்த எங்களைக் கேட்கவே மாட்டார். அப்போதுதான் மேலிருந்து கூண்டில் இறங்கிய ஒருவனை அழைத்து, "நீ சொல்லு," என்பார். நாங்கள் கோபித்துக்கொள்வோம். "அண்ணே, இவ்ளோ நேரம் இங்க நாங்கதான் கீறோம், இப்ப எறங்கி வந்தவன கேக்கறியே." அவர் சொல்லுவார்: "உங்க மூக்கு இந்த எடத்தோட ஒத்துப்போயி கீதுடா. அவன் மூக்கு இன்னும் ஒத்துக்கல."

நான் டீச்சரம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"டீச்சரம்மா, உங்களுக்கு நாத்தம் வரல. எனுக்கும் வரல. ஷீபாவுக்கு வருது, நாகம்மாவுக்கு வருது, குழந்தைக்கு மூச்சே முட்டுச்சி. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் ஏன் வரல?"

அவர் தலையை ஆட்டினார், தெரியவில்லை என்பதைப்போல.

"நாத்தம் வரல. சரி. வேற இன்னா வருது? நெஜத்த சொல்லுங்க."

பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னார். "அவரு ஷிப்ட் முடிஞ்சு வந்து நெலப்படியில நின்னு சட்டைய கழட்டுவாரு. அது வருது. பெங்களூர்லருந்து திரும்பி வந்து கதவத் தொறந்தப்போ வந்துச்சு. நாலு வருசம் கழிச்சு. மொத ரெண்டு நாள் நான் ஜன்னலக்கூட தொறக்கல."

ஷீபா துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எனுக்கும் அதான் வருது," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேருக்கு வேலை கொடுத்தவன், கார்ப்பெட் நாற்றத்தை நாற்றம் என்று சொல்ல முடியாமல் மூன்று நாள் அதில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

"நாகம்மா, உளிய எடு," என்றேன். "டீச்சரம்மா, ஆணிய புடுங்கப் போறேன். மன்னிக்கணும்."

அவர் எழுந்து நாற்காலிக்குப் போனார்.

ஒரு ஓரத்துச் சட்டத்தைப் பெயர்த்து, நாங்கள் இரண்டு பேரும் கார்ப்பெட்டைச் சுருட்டினோம். அடியில் கறுப்பாக ஒரு துணி. நான் கையால் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மைனுக்குள் காற்றைத் திருப்பிவிடத் திரைபோலக் கட்டுவோமே, தார் ஏற்றிய தடித்த சணல் துணி, பிராட்டிஸ் என்போம், அது. அந்தக் காலத்தில் பழசாகிக் கழித்துப் போட்ட துணியைக் கேட்டு வாங்கிவந்து கோழிக்கூண்டுக்குப் போட்டவர்கள் உண்டு, மாட்டுக்கொட்டகைக்குத் தட்டி கட்டியவர்கள் உண்டு. போர்மேன் தன் பெண்டாட்டி முழங்காலுக்குத் தரைக்குளிர் ஏறக்கூடாது என்று கார்ப்பெட்டுக்கு அடியில் விரித்திருக்கிறார். எத்தனை வருடமாக லெவலில் தொங்கிய துணியோ. மேலே கார்ப்பெட் காய்ந்துவிட்டது, இது சொதசொத என்று ஊறிக்கொண்டிருந்தது. வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை.

"இன்னா அன்னா," என்றாள் நாகம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இப்பவாவது நாத்தம் வருதா?"

"வருது தாயே, வருது," என்றேன். இந்தத் தடவை ஷீபாகூடச் சிரித்தாள்.

மற்ற மூன்று ஓரத்துச் சட்டத்தையும் பெயர்த்து, கார்ப்பெட்டைத் தூக்கிப் பின்கட்டில் பெஞ்சுகளின் மேல் அடிப்பக்கம் வெயில் படப் போட்டோம். அடிப்பக்கம் நல்லவேளையாக மக்கவில்லை. இதைக் காப்பாற்றிவிடலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. துணியை முற்றத்து வேலியில் போட்டேன். டீச்சரம்மா அதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மணி, இதையும் காயவச்சுத் திருப்பி அடியில போட முடியாதா? நல்லாத்தானே இருக்குது துணி?"

உங்களுக்குச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் கஷ்டமான இடம் இதுதான். வீட்டுக்காரர் ஒன்றை விரும்பிக் கேட்பார், உனக்கும் அது வேண்டுமென்று இருக்கும். அவருக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உனக்காகச் செய்துவிடலாம். நான் ஒரு நிமிஷம் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காயவைத்துத் தருகிறேன் என்று வாய்வரை வந்தது. மைனும் போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள், மிச்சமிருந்த இந்தத் துணியை நானே தூக்கிப் போட வேண்டுமா என்று இருந்தது. ஆனால் பூஞ்சை ஏறிய சணல் காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப எழுந்திருக்கும். அது போர்மேனுக்குத் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

"முடியாது டீச்சரம்மா," என்றேன். "இது போகணும்."

முடியாது என்ற வார்த்தையை நான் அந்த வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

"ஒரு துண்டு மட்டும் வெட்டிக் குடுங்க. பெட்டியில வச்சுக்கறேன்."

கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு, பூஞ்சை படாத மூலையில் வெட்டி, தனியாகக் கல்லின் மேல் வெயிலில் வைத்தேன். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. திங்கட்கிழமை நான் போனபோது டீச்சரம்மா அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"மணி, நீங்க மோந்து பாருங்க."

வாங்கி முகர்ந்தேன். கொஞ்சம் தூசி. வெயில் பட்ட சாக்கு எப்படி இருக்குமோ அப்படி. திருப்பித் திருப்பி முகர்ந்தேன். கூண்டு இல்லை, லெவல் இல்லை, யாரும் இல்லை.

"இல்ல டீச்சரம்மா. போய்டுச்சி."

"நனைச்சா திரும்பி வருமா?"

வரும். அதுதான் நிஜம். நாங்கள் இரண்டு பேரும் அத்தனை ஆசையாக முகர்ந்தது வெறும் பூஞ்சைதான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்கே அதை நான் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

"பேத்தி வர்ற நேரம், இப்ப வேணாம் டீச்சரம்மா," என்றேன்.

அவர் அதை மடித்துப் பைபிளுக்கு அடியில் வைத்தார்.

கார்ப்பெட்டை ஐந்து நாள் கழித்து, அடியில் புதிய விரிப்புப் போட்டு, ஆணி அடிக்காமல் போட்டோம். அப்புறம் நான் செய்ததுதான் முக்கியம். நாற்றம் மிச்சமிருந்தால் அடைபட்டுத் திரளட்டும் என்று ஹாலின் கதவு ஜன்னலையெல்லாம் ஒரு நாள் முழுக்கச் சாத்திவைத்தேன். மறுநாள் நானும் உள்ளே போகவில்லை, நாகம்மாவையும் விடவில்லை. பக்கத்துத் தெருவில் தபால் கொடுக்க வந்த பெண்ணை, அந்த வீட்டுக்குள் ஒரு நாளும் காலை வைக்காதவளை, கூப்பிட்டேன். "அம்மா, உள்ள போயி ஒரு மூச்சு இழுத்துட்டு வந்து சொல்லு, இன்னா வருது?" அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். போய்விட்டு வந்து, "ஒன்னும் வரலியே அங்கிள், இன்னா வரணும்?" என்றாள். அவ்வளவுதான். ஷீபாவுக்குப் போன் போடச் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு என்னையும் நாகம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஹன்னா கார்ப்பெட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். எல்லாரும் கேக் தின்றார்கள், நான் அந்தக் குழந்தையின் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அன்னா, கேக்க தின்னுங்க, குழந்த நல்லாத்தான் மூச்சு வுடுது," என்றாள் நாகம்மா. சாயங்காலம் அவர்கள் ஜெபத்துக்கு முழங்கால் போட்டார்கள். நான் ஓரமாக நின்று ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன். சோப்பு, மெழுகுவத்தி, பிரியாணி. நல்ல சுத்தமான வீடு. என் வேலை சுத்தமாக முடிந்திருந்தது.

இப்போது நம் கம்பெனியில் ஒரு விதி இருக்கிறது. கார்ப்பெட்டைச் சுத்தம் செய்தவர் அது சுத்தமாகிவிட்டது என்று கையெழுத்துப் போடக்கூடாது. வீட்டுக்காரரும் சொல்லக்கூடாது. ஒரு நாள் சாத்திவைத்த அறைக்குள், அந்த வீட்டை அறியாத ஒருவர் போய் முகர்ந்து சொல்ல வேண்டும். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இதை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். படம்கூடப் போட்டிருக்கிறார்கள், டை கட்டிய ஒரு ஆள் முகர்கிறான். "நிர்வாகத்தின் தரக்கட்டுப்பாட்டு விதி" என்று போட்டிருக்கிறது. எந்த நிர்வாகம்? அன்றைக்கு அந்த முற்றத்தில் எந்த நிர்வாகமும் நிற்கவில்லை.

மைனில் அந்த மேஸ்திரி காற்றுக்குச் சொன்னார், நான் அதைக் கார்ப்பெட்டுக்குக் கொண்டுவந்தேன். நாகம்மா எனக்கு முன்பே நாற்றம் என்று சொன்னாள், அவள் பெயரையும் போடுங்கள். ஆனால் இந்த விதி வந்தது எங்கள் யாருடைய கெட்டிக்காரத்தனத்தாலும் இல்லை. ஆசைப்பட்ட மூக்கு பொய் சொல்லும் என்பதை ஒருவன் தோற்றுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அந்த ஒருவன் நான். அதனால் அடுத்த தடவை புத்தகம் அச்சடிக்கும்போது அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்: மைசூர் மைன்ஸ் மணி, முகர்ந்து பார்த்துவிட்டுச் சுத்தம் என்று சொன்னார், சுத்தமாக இல்லை, அதிலிருந்து வந்தது இந்த விதி என்று. தப்பையும் சேர்த்து, என் பெயரில்.